வலையில் சிக்காத ஏரி

2025 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் இந்தியாவில் ஒரு விநோதம் நடந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாக இலவசமாயின. ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி புரோ ஓராண்டுக்கு இலவசம் என்றார்கள். அக்டோபர் கடைசியில் ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஜெமினியின் கட்டணத் திட்டத்தைப் பதினெட்டு மாதங்களுக்குச் சும்மாவே கொடுத்தன. முதல் வரிசையில் 18 முதல் 25 வயதுக்காரர்கள். நவம்பர் 4 முதல் ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடி கோ திட்டத்தை ஓராண்டுக்குத் திறந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்து 2,000 கோடி ரூபாயை ஒதுக்கியிருந்தது.

ஆகவே சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் இருக்கும் பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ இருந்தபடி படிக்கும் மாணவியின் கைபேசியிலும், கிண்டியில் படிக்கும் மாணவனின் கைபேசியிலும் ஒரே கருவி வந்தது. விலை என்ற தடுப்பு அப்போதைக்கு விலகியது. அந்தக் கருவி இருவருக்கும் ஒரே அளவு தெரிந்து பேசுகிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பழவேற்காட்டில் வைத்துக் கேட்டால் பதில் துல்லியமாகக் கிடைக்கிறது.

கரையோர ஊர்களில் வீட்டிலிருந்தே பட்டம் படிப்பது இன்று அதிசயமில்லை. 1985இல் தொடங்கிய இக்னோ, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் என்று பழைய வழிகள் உண்டு. 2020 ஜூனில் சென்னை ஐஐடி தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜேஇஇ தேவையில்லை, பிளஸ் டூ முடித்தவர் தகுதிக் கட்டத்தைத் தாண்டினால் சேரலாம். கல்லூரிக்கு நேரில் போகிறவர்களும் தப்பவில்லை. 2021இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தில் படித்து மதிப்பெண் சேர்த்துக்கொள்ள வழிவிட்டன. பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பிள்ளைக்கும் கணிசமான பாடம் கைபேசியில் வந்துவிடலாம்.

இணையப் படிப்பின் பெரிய குறை தனிமை. வகுப்பில் புரியாவிட்டால் பக்கத்து பெஞ்சில் கேட்கலாம், மணியடித்தபின் வராந்தாவில் ஆசிரியரை மடக்கலாம். இரவு பதினொரு மணிக்குப் பதிவு செய்த காணொளியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விழித்திருக்கும் துணை அந்த எந்திரம் ஒன்றுதான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரியை எட்டியவருக்கு அது சாதாரண உதவியில்லை. புள்ளியியலில் ‘திட்ட விலக்கம்’ என்றால் என்னவென்று, ஒரு வாரத்து இறால் எடையைக் கணக்காக வைத்துத் தமிழிலேயே விளக்கச் சொல்லிக் கேட்கலாம். புரியவில்லை என்றால் பத்தாவது தடவையும் கேட்கலாம், முகம் சுளிக்காது. இதில் எந்தக் குற்றமும் இல்லை. பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்துக்குள் தள்ளப்படும் பிள்ளைகள் இப்படிக் கேட்காமலிருந்தால்தான் நட்டம்.

சிக்கல் கேட்பதில் இல்லை, எதைக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவியும், இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த கருவியும் கொடுத்தார்கள். பயிற்சி மதிப்பெண் முதல் குழுவில் 48 சதவீதமும் இரண்டாம் குழுவில் 127 சதவீதமும் கூடியது. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். முதல் குழு, கருவியையே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் கீழே இறங்கியது. குறிப்பு மட்டும் வாங்கிய குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் நேரவில்லை. சென்னை ஐஐடியின் இணையப் பட்டத்திலும் என்பிடெல் இணையப் பாடச் சான்றிதழிலும் தேர்வு மட்டும் மையத்துக்கு வந்து நேரில் எழுதும்படி ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

இக்னோவில் அசைன்மென்டுக்குப் பொதுவாக 30 சதவீத மதிப்பெண். அதைக் கையால் எழுதியே தர வேண்டும். கையெழுத்து நகலெடுப்பைத் தடுக்கும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். விடை எழுதி விற்கும் கடைகள் சாட்ஜிபிடிக்கு முன்பே இருந்தன. இப்போது கடைக்குப் போகும் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

இனி பழவேற்காட்டு ஏரிக்கு வருவோம். ‘உங்கள் பகுதியில் பொதுவளத்தை நிர்வகிக்கும் மரபு முறை ஒன்றை விவரிக்க’ என்று ஒரு அசைன்மென்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். பொருளியல், சமூகவியல், சூழலியல் எதிலும் வரக்கூடிய கேள்விதான். பழவேற்காட்டு மாணவிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அவள் ஊரிலேயே பாடு இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரத்துள்ள நீர்ப்பரப்பில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களின் தலைக்கட்டுக் கணக்கில் வரும் ஆண்களுக்கு அதில் உரிமை. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றிவரும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1991இல் வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வு, பழவேற்காட்டின் இந்த உரிமை முறைகளைப் பற்றியே எழுதப்பட்டது. ஏரியின் வளம் குறையும்போது மீனவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சாரா கூல்தார்ட் 2008இல் ஓர் உலக ஆய்விதழில் எழுதினார். இரண்டுமே ஆங்கிலத்தில்.

இதைப் பற்றி எந்திரத்திடம் கேட்டால் என்ன ஆகும்? அது எதையும் ‘தெரிந்து’ வைத்திருப்பதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது. ஷேக்ஸ்பியரைப் பற்றி மலைமலையாக எழுத்து இருக்கிறது. கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். பாடு பற்றி இருப்பதோ சில கட்டுரைகள். போதாக்குறைக்கு இதே பெயரிலும் சாயலிலும் கொச்சி உப்பங்கழியில் ஒரு முறை உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் முறை வைத்து வலை கட்டும் வழக்கம் உண்டு. கொச்சியின் விதியையும் நீர்கொழும்பின் விதியையும் பழவேற்காட்டின் மேல் ஒட்டிவைத்து, இலக்கணப் பிழையில்லாமல் நாலு பத்தி எழுதிக் கொடுக்க எந்திரத்துக்கு எந்தத் தயக்கமும் வராது. படிக்கிற பேராசிரியர் மதுரையில் இருந்தால் பிழை அவருக்குத் தெரியப்போவதில்லை. தெரியக்கூடியவர்கள் மாணவியின் அப்பாவும் சித்தப்பாவும்தான்.

பிழை வராத இடத்திலும் ஒரு பொதுவான பூச்சு வந்துவிடும். மரபு முறை என்றாலே நிலைத்த வளர்ச்சி, சமத்துவம், முன்னோர் ஞானம் என்று எழுதும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. அவை படித்த கட்டுரைகளின் பழக்கம் அது. ஆனால் பாடு முறையில் பங்கு பட்டினவர் என்ற மீனவச் சமூகத்துக்கு மட்டுமே. அதே நீரை நம்பியிருக்கும் பிற சாதியினருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், பெண்களுக்கும் சீட்டில் பெயர் கிடையாது. அந்த மாணவி இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவளாக இருந்தால் கட்டுரையின் தொடக்கமே மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டுவர எந்தக் கருவியும் உதவாது; அவள்தான் எழுத வேண்டும்.

எண்களிலும் இதே தொல்லை. ஏரியின் பரப்பு என்ன? ஓத ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. சேற்றுவெளியையும் சரணாலய எல்லையையும் சேர்த்துச் சொல்லும் ஆவணங்களில் எண் வேறாக வரும். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் எந்த மாநிலத்தின் கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பழைய ஆவணத்திலிருந்து பதில் வந்தால் 45 என்றே வரும், அதே உறுதியான குரலில். டச்சுக்காரர்கள் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியது 1613 என்பது மாதிரியான தகவல்களில் எந்திரம் அவ்வளவாகத் தடுமாறாது. ஐரோப்பியர் வந்துபோன கதை ஐரோப்பிய மொழிகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோட்டையின் கதையில் தேர்ந்து, குப்பத்தின் கதையில் தடுமாறும் கருவி இது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

தமிழில் கேட்பவருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. இந்தக் கருவிகள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். துண்டு கூடினால் செலவும் நேரமும் கூடும். ஒரே மூச்சில் கருவி நினைவில் கொள்ளும் அளவு குறையும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ தானே ஒரு கணக்கை வெளியிட்டது: ஒரே வாசகம் அதுவரை ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருக்கிறது, ஆனாலும் மூடிவிடவில்லை. அதைவிட, துண்டு குறைந்ததால் தமிழில் படிக்கக் கிடைத்த சரக்கு கூடிவிடாது. எந்திரத்தின் தமிழ் பல சமயம் ஆங்கில நினைப்பின் தமிழாக இருப்பது இதனால்தான். அதைத் திருத்தாமல் அசைன்மென்டில் ஒட்டுகிற மாணவருக்கு, நாளடைவில் சொந்த நடையும் அப்படியே ஆகிவிடும் ஆபத்து உண்டு.

மாட்டிக்கொள்ளும் பயம் பலருக்கு இருக்கிறது. அதிலும் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. 2024இல் அரியானாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை மாணவர், தன் விடைத்தாளில் 88 சதவீதம் எந்திரம் எழுதியது என்று மென்பொருள் சொன்னதால் தேர்ச்சி பெறாதவராக அறிவிக்கப்பட்டார். எழுதியது தானே என்று பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவித்ததால் அந்த மனு முடிவுக்கு வந்தது. எந்திரத்தைக் கண்டுபிடிக்கும் எந்திரத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்காமலே போயிற்று.

அறிவியல் ஆய்வில் கிடைத்த பதில் சங்கடமானது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டுபிடிப்பு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை ‘எந்திரம் எழுதியது’ என்று முத்திரை குத்தின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகக் குறைவு. குறைந்த சொல்வளத்தில், எளிய வாக்கியத்தில் எழுதினால் எந்திரம் என்று சந்தேகிக்கும் மென்பொருள், குப்பத்துப் பிள்ளையின் ஆங்கிலத்தை எப்படிப் படிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓப்பன்ஏஐ, தான் வெளியிட்ட கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே மூடிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டு விதிகள் பத்து சதவீதத்துக்கு மேல், நாற்பதுக்கு மேல், அறுபதுக்கு மேல் என்று படி வைத்துத் தண்டனை சொல்கின்றன. அவை சாட்ஜிபிடி பிறப்பதற்கு நான்காண்டு முன்பு எழுதப்பட்டவை. ஏற்கெனவே இருக்கும் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவை அவை அளக்கின்றன; எந்திரம் புதிதாகக் கட்டிக்கொடுக்கும் வாக்கியம் அந்தத் தராசில் ஏறாது.

இந்த நிலையில் மாணவருக்கு உள்ள பாதுகாப்பு வரைவுகள்தான். முதல் குறிப்பு, கிறுக்கல், அடித்துத் திருத்திய இரண்டாம் படி, நோட்டில் எழுதிய பேட்டி, கேட்ட கேள்வியும் வந்த பதிலும் அடங்கிய உரையாடல் பதிவு. யாரேனும் சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது இவற்றையே. கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதினால் ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகும்.

படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் சறுக்கியிருக்கிறார்கள் என்பது ஒரு விதத்தில் ஆறுதல். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் ஒரு உத்தரவில் உச்ச நீதிமன்றத்தின் பெயராலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயராலும் இல்லாத தீர்ப்புகளைக் காட்டிவிட்டு, அதைத் திரும்பப் பெற்றது. வழக்கறிஞருக்கு அபராதம், தீர்ப்பாயத்துக்குத் தலைக்குனிவு. ஓர் இடத்தைப் பற்றி இப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டில் முன்னுதாரணம் உண்டு. அதில் செயற்கை நுண்ணறிவு இல்லவே இல்லை.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்காக ஏறக்குறைய இருபதாண்டு முன்பு தயாரான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைச் சூழல் ஆர்வலர்கள் படித்தபோது, சுரங்கத்தருகே பறவைகள் தங்குவது ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடுகளில் என்று எழுதியிருந்தது. கொங்கண் கரையில் எங்கே ஸ்ப்ரூஸ்? ரஷ்யாவில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பெரிய ஆலோசனை நிறுவனத்தின் பெயர் அட்டையில் இருந்தது. காப்பி அடிப்பது அறம் சார்ந்த குற்றம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் இடத்தைப் பற்றிய பொய்யை வைத்து அந்த இடத்தின் தலையெழுத்தையே எழுதிவிட முடியும்.

பழவேற்காட்டுக்கு இது தூரத்துச் செய்தியில்லை. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கவும், கையாளும் சரக்கை ஆண்டுக்கு 24.6 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக உயர்த்தவும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மதிப்பீடு 53,031 கோடி ரூபாய். 2021 ஜனவரியில் வைத்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி குறித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு முன் வரைவு அறிக்கை மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வட்டார மொழியில் கட்டாயமாகக் கிடைப்பது சுருக்கம்தான். முழு அறிக்கை இணைப்புகளோடு தலையணை கனத்தில் ஆங்கிலத்தில் வரும். கரையரிப்பு பற்றிய கணிப்பு முறை, மண் அள்ளும் அளவு, முகத்துவாரத்தில் நீரோட்டம் மாறுமா என்பது போன்ற விஷயங்கள் அந்த உள்பக்கங்களில்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்த இதைவிடச் சிறந்த இடம் பழவேற்காட்டுக் கல்லூரிப் பிள்ளைக்கு வாய்க்காது. கொடுத்த ஆவணத்துக்குள் மட்டும் தேடிப் பதில் சொல்லி, எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று காட்டும் நோட்புக்எல்எம் போன்ற கருவிகள் இருக்கின்றன. ‘இந்த அறிக்கை என்ன சொல்கிறது’ என்று கேட்டால் கிடைப்பது விளம்பரத் தாள் மாதிரியான சுருக்கம். ‘முகத்துவாரம் பற்றி எந்தெந்தப் பக்கங்களில் பேசுகிறது, எந்த ஆண்டு அளவீட்டை வைத்துப் பேசுகிறது, ஏரியில் தொழில் செய்யும் ஊர்களில் எவையெவை பட்டியலில் இல்லை’ என்று கேட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியவரும். பக்கத்தைத் திறந்து தானே படிக்க வேண்டும். அதன்பின் அந்தப் பத்தியைத் தமிழாக்கிக் கொண்டுபோய், நாற்பது வருடம் அந்த முகத்துவாரத்தைத் தாண்டிப் போய்வந்தவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அறிக்கை ‘பருவக்காற்று’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர் வாடை, கொண்டல், கச்சான் என்று பிரித்துப் பேசுவார். எந்தக் காற்றுக்கு மணல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அவர் சொல்லில் இருக்கும். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் அன்றாடம் குறித்துவைத்து, நித்யானந்த் ஜெயராமனோடு சேர்ந்து எழுதிய கடல் குறிப்புகள், இந்த அறிவு எழுத்தில் ஏறினால் எவ்வளவு துல்லியமாக நிற்கும் என்பதற்குச் சான்று.

பேட்டி எடுக்கிற மாணவருக்கு இன்னொரு கடமை சேர்கிறது. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், மகளிர் குழுக் கடன், படகின் பதிவெண், யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வந்து விழும். அந்த ஒலிப்பதிவை அப்படியே ஏற்றி ‘தமிழில் தட்டச்சு செய்து கொடு’ என்றால் வேலை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சாட்ஜிபிடியின் சாதாரணக் கணக்கில் அமைப்பை மாற்றாவிட்டால் உரையாடல்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். ஜெமினியில் உரையாடல்களின் ஒரு பகுதியை மனிதர்களே படித்துப் பார்ப்பதுண்டு என்று கூகுளே எச்சரிக்கிறது. ‘காலேஜ் புள்ள கேக்குது’ என்று வாய் திறந்த பாட்டி அதற்கெல்லாம் சம்மதம் சொல்லவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஊருக்குள் ஒரு மரியாதை இருக்கிறதே. பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஏற்றலாம்; கையால் எழுதினாலோ இன்னும் நல்லது.

இதையெல்லாம் ஒரு அசைன்மென்டுக்காகச் செய்ய வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டால், பதில் 2024 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. இலியா ஷுமைலோவும் சக ஆய்வாளர்களும் மொழி மாதிரிகளுக்கு, முந்தைய மாதிரிகள் எழுதியதையே உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அவை சீரழிந்தன. அந்தச் சீரழிவு தொடங்குவது ஓரத்தில். அபூர்வமானவை, எண்ணிக்கையில் குறைந்தவை முதலில் காணாமல் போகின்றன. நடுவில் இருக்கும் வழக்கமான சங்கதிகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கின்றன. எந்திரத்தின் உலகத்தில் லண்டன் நடுவில் இருக்கிறது. நடூர் மாதா குப்பம் ஓரத்தில் இருக்கிறது. எந்திரம் பாதி ஊகித்து எழுதிய பாடு பற்றிய கட்டுரையை மாணவர் சரிபார்க்காமல் ஒப்படைத்து, அது கல்லூரித் தளத்திலோ வேறெங்கோ ஏறி, அடுத்த கருவி அதைப் படித்தால், கொச்சியின் விதி பழவேற்காட்டின் விதியாக ஊர்ஜிதமாகிவிடும். நகரத்து மாணவரின் அலட்சியத்தால் அவருடைய நகரம் அழிந்துபோகாது. ஏரிக்கரை மாணவரின் அலட்சியம் முதலில் தொடுவது அவர் ஊரைத்தான். பொறுப்பு எல்லோருக்கும் ஒன்று என்பது பொதுவாகச் சரி. எடை எல்லோருக்கும் ஒன்றில்லை.

எதிர்த் திசையிலும் இது வேலை செய்யும். கொசஸ்தலை ஆற்றில் இருளர் பெண்கள் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் கையால் இறால் பிடிப்பதைப் புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் பாரி இணைய இதழில் படமும் எழுத்துமாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பதிவு வந்தபின் அந்த உழைப்பைப் பற்றி யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கிறது. பழவேற்காட்டு மாணவர் ஒருவர் தன் ஊரின் வலை வகைகளையும் பாட்டின் விதிகளையும், அதில் இடமில்லாதவர்களின் வாதத்தையும் தமிழில் சரிபார்த்து எழுதி வைத்தால் அதுவும் அப்படியே. தமிழ் விக்கிப்பீடியா திறந்துதான் கிடக்கிறது.

கல்லூரிகள் செய்ய வேண்டியதில் பாதிகூட நடக்கவில்லை. ‘செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரே வரியில் சுற்றறிக்கை விடுவது சுலபம். எந்தப் பாடத்தில், எந்த வேலைக்கு, எதுவரை என்று எழுதித் தருவதற்கு ஆசிரியர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கு அனுமதி, கணக்கின் விடைக்கு இல்லை, ஆங்கிலச் சுருக்கத்தைத் திருத்த அனுமதி, களக் குறிப்புக்கு இல்லை என்பது போல. உலக ஆய்விதழ்கள் இதை முன்பே செய்துவிட்டன. எந்திரத்தை ஆசிரியராகப் பெயர் போடக் கூடாது, பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நேச்சர் 2023 ஜனவரியிலேயே விதி வகுத்தது. இளங்கலை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரிக்கு அப்படி ஒரு குறிப்பு இருந்தால் போதும்: ஆங்கிலக் கட்டுரைகள் இரண்டைப் புரிந்துகொள்ள இன்ன கருவி பயன்பட்டது, அது தந்த மேற்கோள்களில் தேடியும் கிடைக்காதவை நீக்கப்பட்டன, பேட்டிகள் எந்தக் கருவியிலும் ஏற்றப்படவில்லை, பாட்டின் விதிகள் ஊரில் இன்னாரிடம் கேட்டு எழுதியவை, அவர் விருப்பப்படி பெயர் தரப்படவில்லை. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தை. அடுத்து, கடந்த சீட்டில் எந்த இடத்துக்குப் போட்டி அதிகம், ஏன் என்று கேட்டால், அறிக்கையை யார் எழுதினார்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.